கரையின் வயது

09.09.2024, திங்கள். கிளவுஸ்தால்

விடுதியில் கிடைத்த சுற்றுலாக் கையேடு ஓடர்டைஷ் ஏரியை ஜெர்மனியின் மிகப் பழைய அணை என்கிறது. 1715இல் தொடங்கி 1722இல் முடித்தார்களாம். அதே கையேட்டின் பின்பக்கம், இந்த ஊரைச் சுற்றியுள்ள ஏரிகளை 16ஆம் நூற்றாண்டிலிருந்தே கட்டிவந்தார்கள் என்கிறது. அக்கா மகன் இரண்டையும் வாசித்துக் காட்டிவிட்டு, “ஏதாவது ஒண்ணுதான் மாமா சரியா இருக்கணும்” என்றான். இரண்டும் சரியாக இருக்கவும் வழி உண்டு. ஊருக்குத் திரும்புவதற்குள் அதைத் தெளிவாகப் பார்த்துவிட வேண்டும்.

ஹார்ட்ஸ் வட ஜெர்மனியின் மலைத்தொடர். சமவெளியில் தனியாக எழுந்து நிற்பதால் வடக்கிலிருந்தும் மேற்கிலிருந்தும் வரும் மேகம் இதில்தான் முதலில் முட்டுகிறது. உச்சியான பிராக்கன் 1,141 மீட்டர். மழைக்கும் பனிக்கும் குறைவில்லை. அந்தத் தண்ணீரைப் பிடித்து வைத்த தேக்கங்களில் இரண்டு தலைமுறை இருக்கிறது. இளைய தலைமுறையின் வயதை எழுதிக்கொள்வது சுலபம்: ஸோசெ 1931, ஓடர் அணை 1933, எக்கர் போர்க்காலம், ஓக்கர் 1956, ராப்போடெ 1959, இன்னர்ஸ்ட 1966, கிராண 1969. இவை குடிநீருக்கும் வெள்ளத்தடுப்புக்கும் மின்சாரத்துக்கும் எழுந்தவை.

மூத்த தலைமுறை சுரங்கக்காரர்களுடையது. இந்த மலைக்குள் வெள்ளியும் ஈயமும் இருந்தன. ஆழம் போகப் போகக் குழிக்குள் ஊற்று பெருகும். அதை இறைக்கப் பெரிய மரச்சக்கரங்கள். சக்கரத்தைச் சுழற்ற மேலிருந்து வரும் தண்ணீர். தண்ணீரை வெளியேற்றத் தண்ணீரே வேண்டும். கோடையில் ஓடை வற்றினாலோ குளிர்காலத்தில் உறைந்தாலோ சக்கரம் நிற்கும், குழி மூழ்கும், ஊரே வேலையில்லாமல் உட்காரும். ஆகவே மலையில் கண்ட பள்ளத்துக்கெல்லாம் கரை போட்டார்கள். மொத்தம் 143 ஏரிகள் கட்டி, இன்றைக்கு 107 மிஞ்சியிருக்கின்றன. அவற்றை இணைக்க 310 கிலோமீட்டர் வாய்க்கால், மலையைக் குடைந்து 31 கிலோமீட்டர் சுரங்கக் கால்வாய். 2010இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது. பக்கத்து ராமல்ஸ்பெர்க் சுரங்கமும் கோஸ்லார் நகரமும் 1992லேயே அந்தப் பட்டியலில் ஏறியவை, அவற்றோடு சேர்த்துவிட்டார்கள்.

குறிப்பேட்டில் கட்டம் போட்டுவிட்டேன். தொடங்கிய ஆண்டு, முடித்த ஆண்டு, கரையை உயர்த்திய ஆண்டு, கடைசியாகக் கை வைத்த ஆண்டு. பொதுப்பணித்துறையில் ஏரிக்கரைகளோடு கிடந்தவனுக்கு முதல் கட்டத்தைவிடக் கடைசிக் கட்டத்தின் மேல்தான் கண் போகிறது.

10.09.2024, செவ்வாய்

காலையில் பாவன் ஏரிகள். மேல், நடு, கீழ் என்று மூன்றும் ஒன்றன்கீழ் ஒன்றாக இறங்குகின்றன. மேலேரியின் கரையடியில் நடு ஏரியின் வால், அதன் கரையடியில் கீழேரியின் வால். ஒரு சொட்டும் வேலை செய்யாமல் பள்ளத்துக்கு ஓடிவிடக் கூடாது என்ற பிடிவாதம் இந்த வரிசையிலேயே தெரிகிறது.

பிற்பகல் ஹிர்ஷ்லர் ஏரி. சுரங்க ஏரிகளுக்குள் இது பெரியவற்றில் ஒன்று. கொள்ளளவு சுமார் 6 லட்சம் கன மீட்டர். கிளவுஸ்தாலின் செழிப்பான சுரங்கங்களான டோரதேயாவுக்கும் கரோலினாவுக்கும் தண்ணீர் கொடுத்தது. இதன் வயதுக்குக் கிடைக்கும் விடை ‘1660க்கு முன்’. எவ்வளவு முன் என்று கேட்டால் பதில் இல்லை. ஏட்டில் முதல்முறை பேர் ஏறும்போதே ஏரி தளும்பிக்கொண்டு நிற்கிறது. எந்த ஊரிலும் ஏரியின் கதை இப்படித்தான். சண்டை வந்தால், வரி வந்தால், கரை உடைந்தால்தான் ஏட்டில் பேர் ஏறும். ஒழுங்காக நீர் தேக்கிய ஆண்டுகளைப் பற்றி யாரும் எழுதி வைப்பதில்லை.

இங்கே ஏரி, வாய்க்கால், பழைய குழி எங்கே இருந்தாலும் ஓரமாகத் தேவதாரு மர வடிவில் வெட்டிய பலகை நிற்கிறது. சுரங்க அதிகாரியாக இருந்த ஹெர்பெர்ட் டென்னெர்ட் தொடங்கி வைத்த ஏற்பாடு. அவர் பேரிலேயே டென்னெர்ட் மரம் என்கிறார்கள். கட்டிய ஆண்டு, கரை உயரம், கொள்ளளவு எல்லாம் ரத்தினச் சுருக்கமாக அதிலேயே கிடைக்கும். பார்க்க வருகிறவனுக்கு இதைவிட மரியாதை வேண்டாம். சில பலகைகளில் ஒரே ஆண்டு, சிலவற்றில் இரண்டு, சிலவற்றில் ‘முன்’. அந்த ‘முன்’ போட்டவரின் நேர்மை எனக்குப் பிடித்திருக்கிறது.

கரையின் உள்ளமைப்புதான் இன்றைக்குப் பெரிய பாடம். மலையில் களிமண் போதவில்லை. என்ன செய்தார்கள்? புல்வெளியிலிருந்து புல்லும் வேரும் மண்ணுமாகக் கட்டி கட்டியாக வெட்டியெடுத்து, செங்கல் வரிசை போல அடுக்கி, இடித்து இறுக்கிச் சுவராக்கினார்கள். கசிவைத் தடுப்பது அந்தச் சுவர்தான். இரண்டு பக்கமும் கொட்டிய மண்ணும் கல்லும் அதற்கு முட்டு. புல் அழுகிப்போகாதா என்றுதான் யாருக்கும் முதலில் தோன்றும். ஈரத்தில், காற்றுப் படாமல் கிடக்கும்வரை அது அழுகுவதில்லை. கரையடியில் போட்ட கருவாலி மரத் தூம்பும் அப்படியே. தண்ணீரில் முழுகிக் கிடந்தால் தலைமுறைகள் தாங்கும், காயவிட்டால்தான் கெடும். ஏரியை வற்றவிடாமல் வைத்திருப்பதே பாதிப் பராமரிப்பு.

தூம்பின் வாயை மரக்கட்டையால் அடைத்திருப்பார்கள். கட்டையைத் தூக்கி இறக்க நீண்ட கம்பு. கம்பின் தலைமாட்டில் மழைக்கும் பனிக்கும் மறைவாகச் சிறு மரவீடு. நம் பக்கத்துக் குமிழித் தூம்பு தெரிந்தவர்கள் பார்த்தவுடன் புரிந்துகொள்வார்கள். இந்த மரவீடு எங்கே நிற்கிறது என்று பார்த்தே கரையின் தலைமுறையை ஓரளவு சொல்லிவிடலாம். பழைய முறையில் புல்கட்டிச் சுவர் நீர்ப்பக்கச் சரிவில் இருக்கும். தூம்பின் தலையும் அங்கேதான். ஆகவே மரவீடு தண்ணீருக்குள் தள்ளி நிற்கும், கரையிலிருந்து அதற்கு நடைபாலம் போகும். இந்த அமைப்பில் தூம்பு கெட்டால் ஏரியை வடித்தால்தான் கை வைக்க முடியும். 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சுவரைக் கரையின் நடுவுக்குக் கொண்டுபோனார்கள். மரவீடும் கரைமேல் ஏறிவிட்டது. ஏரியில் தண்ணீர் இருக்கும்போதே கரைக்குள் இறங்கித் தூம்பைச் சரிசெய்யலாம்.

பெரிய திருத்தம் இது. யாரோ ஒருவர் பாதி நிரம்பிய ஏரியை வடித்துவிட்டு, அடுத்த மழை வரும்வரை சுரங்கம் மூழ்குவதைப் பார்த்து வயிறெரிந்து நின்றிருக்க வேண்டும். அந்த அனுபவம் இல்லாமல் இந்த யோசனை பிறக்காது.

திரும்பும்போது ஊர்ப்பக்கம் ஒரு சிறிய ஏரியில் மரவீடு தண்ணீருக்குள் நிற்பதைப் பார்த்தோம். பலகைக்காகக் காத்திராமல் “பழசு!” என்றான் பையன். அவசரப்படாதேடா என்றேன். பழைய கரையை வெட்டிப் புது முறையில் திருப்பிக் கட்டிய ஏரிகளும் இங்கே உண்டு. அவற்றில் பள்ளத்தாக்கின் வயது ஒன்று, கரையின் வயது ஒன்று, சுவரின் வயது இன்னொன்று.

11.09.2024, புதன்

நாள் முழுவதும் மழை. செல்லர்ஃபெல்ட் சுரங்க அருங்காட்சியகத்திலேயே பொழுது போயிற்று. 1892இல் தொடங்கியது. சக்கரம், பம்பு, ஏற்றக் கயிறு எல்லாவற்றுக்கும் மாதிரிகள் இருக்கின்றன.

மிகப் பழையது எது என்ற கேள்விக்கு இங்கே ஒரு வெளிச்சம். ஹார்ட்ஸில் தண்ணீரைச் சுரங்கத்துக்குத் திருப்பியவர்களில் முன்னோடிகள் வால்கென்ரீட் மடத்துச் சிஸ்டெர்சியன் துறவிகள். 12ஆம் நூற்றாண்டில் வந்த மடம். 13ஆம் நூற்றாண்டில் மேல்ஹார்ட்ஸ் சுரங்கத் தொழிலில் இருந்திருக்கிறது. 14ஆம் நூற்றாண்டின் நடுவில் கொள்ளைநோய் வந்து சுரங்கங்கள் பாழாயின. கிட்டத்தட்ட இருநூறு ஆண்டு மலை சும்மா கிடந்தது. 16ஆம் நூற்றாண்டில் பிரபுக்கள் வரிச்சலுகையும் உரிமைகளும் கொடுத்து ஆட்களைக் கூப்பிட்டபோது மறுபடியும் பிறந்தவைதான் கிளவுஸ்தாலும் செல்லர்ஃபெல்டும். 1536 முதல் 1866 வரை ஏரி வேலை நடந்தது.

துறவிகள் காலத்துக் கரை எங்காவது சரிந்து கிடந்து, அதன் மேலேயே பின்னால் வந்தவர்கள் மண் போட்டு உயர்த்தியிருந்தால், அந்த ஏரிக்கு எந்த வயது? இரண்டு நூற்றாண்டு தண்ணீரே தேங்காத கரையை வயதுக்கணக்கில் சேர்க்க எனக்கு மனம் வரவில்லை.

ஓடர்டைஷின் ‘மிகப் பழைய அணை’ப் பட்டம் எங்கிருந்து வந்தது என்றும் பிடிபட்டுவிட்டது. எல்லாம் உயரக் கணக்கு. 15 மீட்டருக்கு மேற்பட்டால்தான் உலக அளவில் பெரிய அணைகளின் வரிசையில் சேர்ப்பார்கள். சுரங்க ஏரிகளில் பெரும்பாலானவற்றின் கரை அந்த உயரத்தைத் தொடுவதில்லை. ஓடர்டைஷ் 22 மீட்டர். பழைய ஏரிகள் வயதில் மூத்தவை, உயரத்தில் தோற்றவை. கையேடு எழுதியவர் ஏரிகளை ஒரு வரிசையிலும் அணைகளை இன்னொரு வரிசையிலும் வைத்துவிட்டார். ஹார்ட்ஸுக்கு வெளியே பார்த்தால் சாக்சனியில் ஷ்னேபெர்க் ஊரின் ஃபில்ட்ஸ் ஏரி 1483–85 வாக்கில் கட்டியது, அதுவும் சுரங்கத்துக்காகவே. 1783இல் அதன் கரை உடைந்து ஆட்களை அடித்துப்போயிற்று. அந்த ஏரி இன்றும் இருக்கிறது. உடைந்து மீண்ட கரைக்கு வயதை எங்கிருந்து எண்ணுவது என்ற கேள்வி அங்கேயும் நிற்கிறது.

12.09.2024, வியாழன். ஓடர்டைஷ்

குளிர் நன்றாகவே ஏறிவிட்டது. பேருந்து இறக்கிவிட்ட இடத்திலிருந்து கரை எட்டிப்பிடிக்கும் தூரம்.

சுற்றுச்சரிவுகளில் ஊசியிலை மரங்கள் வெள்ளை எலும்பாக நிற்கின்றன. 2018க்குப் பிறகு அடுத்தடுத்து வந்த வறட்சியும் பட்டைவண்டும் சேர்ந்து ஹார்ட்ஸின் ஸ்ப்ரூஸ் காட்டைக் கொன்றுவிட்டன. அடியில் புதுக்கன்றுகள் பச்சை பிடித்துவருகின்றன. ஏரித்தண்ணீர் கட்டஞ்சாயா நிறம். மேலே உள்ள கரிச்சதுப்பிலிருந்து வடிவதால் அந்தச் சாயம்.

இந்தக் கரையில் புல்கட்டி இல்லை. நெருங்கிப் பார்த்தால் இரண்டு பக்கமும் கருங்கல். பெரிய பெரிய கல்லைச் செதுக்கி, சாந்தில்லாமல் அடுக்கி, இரும்புப் பட்டையால் கல்லோடு கல்லைப் பிணைத்திருக்கிறார்கள். உள்ளே கருங்கல் சிதைந்த பருமணல். அதை அடுக்கடுக்காக இட்டு இடித்து இறுக்கியதுதான் கசிவைத் தடுப்பது. கையிலெடுத்தால் நொறுங்கும் மண்ணை நம்பி 17 லட்சம் கன மீட்டர் தண்ணீரை நிறுத்தியிருக்கிறார்கள். கல் வரிசையின் மேல் கையை வைத்துக்கொண்டு கொஞ்சதூரம் நடந்தேன். இடுக்குகளில் பாசி, பூச்செடி. மூலைகள் இன்னும் கூர் மழுங்கவில்லை. கரையின் ஒரு விலாவில் பாறையோடு சேர்த்து அமைத்த கலிங்கு. வெள்ளம் கரைமேல் ஏறாமல் அதன் வழியே போய்விடும். மண்கரைக்கு எமன் மேலே வழியும் தண்ணீர்தான் என்று 1715இலேயே அறிந்து வைத்திருந்தவர்கள் கட்டியது.

சுமார் 170 ஆண்டு இதுதான் ஜெர்மனியின் மிகப் பெரிய அணை. 1891இல் ரெம்ஷைட் நகருக்குக் குடிநீர் தர ஓட்டோ இன்ட்ஸே கட்டிய எஷ்பாஹ் அணை வந்த பிறகுதான் உயரத்தில் இதற்குப் போட்டி வந்தது. நடுவில் எத்தனை தலைமுறைப் பொறியாளர்கள்! ஒருவரும் இதைத் தாண்டவில்லை என்பதைவிட, தாண்ட வேண்டிய தேவை வராத அளவுக்கு இது வேலை செய்தது என்று படுகிறது.

கரையடியிலிருந்து தொடங்கும் ரேபெர்கர் வாய்க்கால் வழியாகவே பிற்பகல் நடை. ஏழு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதல். மலைவிலாவில் சமமட்டம் பிடித்து, கல் பாவி, கண்ணுக்கே தெரியாத சரிவில் ஓடுகிறது. பனிக்காலத்தில் உறையாமலிருக்க மேலே மூடுகல் போட்ட பகுதிகளும் உண்டு. வாய்க்கால் 1703இல் முடிந்துவிட்டது, ஏரியோ 1722இல்! “வாய்க்காலை வெட்டிட்டு அப்புறமா ஏரி கட்டினாங்களா மாமா?” என்று பையனுக்கு ஆச்சரியம். காரணம் எளிது. முதலில் ஓடர் ஆற்றைத் திருப்பினால் போதும் என்று நினைத்தார்கள். வறண்ட மாதத்தில் ஆறே மெலிந்ததும் சாங்க்ட் ஆந்திரியாஸ்பெர்க் சுரங்கங்கள் தவித்தன. அதன்பின் வாய்க்காலின் தலையில் ஏரி வந்தது. எனவே ஓடர்டைஷுக்கு வயது சொல்கிறவர்கள் 1722 என்று சொல்லி நிறுத்திக்கொண்டால் பாதிக் கதைதான் வரும். இது தனி ஏரியில்லை, ஒரு பாசனத்தின்—இங்கே சக்கரங்களுக்கான பாசனம்—நடுவில் வந்து சேர்ந்த உறுப்பு.

13.09.2024, வெள்ளி. சாங்க்ட் ஆந்திரியாஸ்பெர்க்

ஓடர்டைஷ் தண்ணீர் போய்ச்சேரும் இடம் இந்த ஊர். சாம்சன் சுரங்கம் எண்ணூறு மீட்டருக்கும் கீழே போனது. தன் காலத்தில் உலகின் மிக ஆழமான சுரங்கங்களில் ஒன்று. 1910இல் மூடிவிட்டார்கள். தண்ணீருக்கு வேலை போகவில்லை. குழிக்குள்ளேயே 130 மீட்டர் ஆழத்திலும் 190 மீட்டர் ஆழத்திலும் நீர்மின் நிலையங்கள். அதே வாய்க்கால் தண்ணீர் அங்கே விழுந்து இன்றும் மின்சாரம் எடுக்கிறது.

அந்த நிலையங்களைப் பார்த்துக்கொள்பவர்கள் இறங்குவது 1837இல் அமைத்த ஆள்தூக்கி வழியாக. எதிரெதிராக மேலும் கீழும் அசையும் இரண்டு கம்பிவடங்கள், அவற்றில் படிகள். நிற்கும் வடம் கீழே வந்து நிற்கும் நொடியில், மேலே வந்திருக்கும் பக்கத்து வடத்தின் படிக்கு மாறிக்கொள்ள வேண்டும். மாறி மாறிக் கால் வைத்தால் இறங்கிக்கொண்டே போகலாம். அதற்கு முன் சுரங்கக்காரர்கள் இந்த ஆழத்துக்கு ஏணியில்தான் இறங்கி ஏறினார்கள். வேலை முடிந்த உடம்போடு மணிக்கணக்கில் ஏற வேண்டும். இரும்புக்கம்பி வடமே 1834இல் கிளவுஸ்தாலில் வில்ஹெல்ம் ஆல்பெர்ட் முறுக்கிச் செய்தது. வடம் பிறந்து மூன்றே ஆண்டில் இங்கே ஆளைத் தூக்கியிருக்கிறது.

இன்றைக்கு மனதில் உறுதிப்பட்டது: ஓடர்டைஷுக்கு 302 வயது என்பதை நான் ஒத்துக்கொள்வது 1722இல் முடித்தார்கள் என்பதற்காக இல்லை. 1722 முதல் தண்ணீர் ஒரு வேலையிலிருந்து இன்னொரு வேலைக்கு மாறி இன்றுவரை ஓடிக்கொண்டிருப்பதற்காக. கிளவுஸ்தால் பக்கமும் இதே கதை. 1930இல் சுரங்கம் நின்றது. ஏரித்தண்ணீரைப் பழைய குழிகளுக்குள் விழவிட்டு 1980 வரை மின்சாரம் எடுத்தார்கள். 1991இல் பராமரிப்பு ஹார்ட்ஸ் நீர்வாரியத்தின் கைக்கு வந்தது. 65 ஏரிகளையும் 70 கிலோமீட்டர் வாய்க்காலையும் இன்றும் நடப்பில் வைத்திருப்பவர்கள் அவர்கள். மற்றவற்றில் பராமரிப்பில்லாமல் பாழானவையும் தூர்ந்தவையும் உண்டு.

14.09.2024, சனி

பேருந்தில் ஸோசெ, ஓக்கர் இரண்டும் பார்த்தோம்.

ஸோசெ மண் அணை, 56 மீட்டர். இங்கிருந்து பிரேமன் நகரம் வரை ஏறத்தாழ 200 கிலோமீட்டர் குழாய் போகிறது. 1930களின் நடுவிலேயே போட்டது. அணைமேல் புல் வெட்டி, சரிவு ஒரு மடிப்பும் இல்லாமல் இருக்கிறது. இப்படிப் பராமரித்த கரையைப் பார்த்தால் நெஞ்சு நிறைகிறது. 2031இல் இதற்கு நூறு.

ஓக்கர் பள்ளத்தாக்கில் வளைந்து நிற்கும் 75 மீட்டர் கான்கிரீட் சுவர். கொள்ளளவு 4.7 கோடி கன மீட்டர். போருக்கு முன்பே வேலை தொடங்கி, போரால் நின்று, 1956இல் முடிந்தது. ஷூலன்பெர்க் கிராமம் அடியில் போயிற்று. மக்களை மேலே புதிதாகக் கட்டிய ஊரில் குடியேற்றினார்கள். சுரங்க ஏரிகள் யார் வீட்டையும் மூழ்கடிக்கும் அளவுக்கு வளரவில்லை. இளைய தலைமுறையின் வயதை எழுதும்போது இதையும் எழுத வேண்டும்: 1956 என்பது ஒரு கிராமத்தின் கடைசி ஆண்டுகளுக்கு அடுத்து வரும் எண்.

கிராணவும் இன்னர்ஸ்டவும் நேரில் பார்க்க வாய்க்காது போலிருக்கிறது. ஓக்கரிலிருந்து கிராணவுக்கு மலையைக் குடைந்து தண்ணீர் கொண்டுபோகிறார்கள். பழையவர்களின் பழக்கம் விட்டுப்போகவில்லை.

15.09.2024, ஞாயிறு. எக்கர்

வண்டி போகாது, நடந்துதான் போக வேண்டும். 1939இல் தொடங்கிப் போருக்கு நடுவில் முடித்த கான்கிரீட் சுவர். வோல்ஃப்ஸ்பூர்க்கில் எழுந்துகொண்டிருந்த கார்த் தொழிற்சாலை நகரத்துக்கும் பிரவுன்ஷ்வைக்குக்கும் தண்ணீர் வேண்டியிருந்தது.

போர் முடிந்து எல்லை கிழித்தபோது கோடு நீர்ப்பரப்பின் நடுவிலும் அணைச்சுவரின் நடுவிலும் விழுந்தது. ஒரு பாதி மேற்கு, மறுபாதி கிழக்கு. சுவரின்மேல் நடுவில் தடுப்பு. அணையைப் பார்த்துக்கொள்ளும் ஆளுக்கு இதைவிடத் துன்பம் கிடையாது. கசிவை அளக்க, விரிசல் பார்க்க, மதகை இயக்க அணை முழுவதும் நடமாட வேண்டும். அணைக்குப் பாதி கிடையாது. ஒரு பக்கம் நோய் வந்தால் மறுபக்கத்தையும் அது சாய்த்துவிடும். எல்லைக்கல் இன்னும் மேலே நிற்கிறது. பிள்ளைகள் ஒரு கால் இந்தப் பக்கம், ஒரு கால் அந்தப் பக்கம் வைத்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

எக்கருக்கு வயது எண்பதைத் தாண்டிவிட்டது. அதில் பல ஆண்டுகளைத் தன்னைப் பராமரிப்பவர்கள் முழுதாகக் கடந்து நடக்க முடியாத நிலையில் கழித்திருக்கிறது. இதற்கு என் கட்டத்தில் இடமில்லை. ஓரத்தில் எழுதிவைத்தேன்.

17.09.2024, செவ்வாய். ராப்போடெ

ஜெர்மனியின் மிக உயர்ந்த அணைச்சுவர்: 106 மீட்டர். நீளம் 415 மீட்டர். 10.9 கோடி கன மீட்டர், டி.எம்.சி.யில் சொன்னால் நாலுக்குக் கொஞ்சம் குறைவு. 1925ஆம் ஆண்டு முடியும்போது வந்த பெருவெள்ளம் போடெ ஆற்றங்கரை ஊர்களைச் சூறையாடியது. அணை வேண்டும் என்ற பேச்சு அதற்கு முன்பே இருந்தது. வெள்ளத்துக்குப் பின் அது வற்புறுத்தலாகிவிட்டது. 1952இல் அடிக்கல், 1959 அக்டோபர் 7, கிழக்கு ஜெர்மனியின் பத்தாவது ஆண்டுவிழாவன்று திறப்பு. அந்த நாடு இப்போது இல்லை. அணை ஹாலே நகரம் வரை குடிநீர் தருகிறது.

எல்லோரும் பக்கத்துத் தொங்குபாலத்துக்குப் போகிறார்கள், 2017இல் வந்தது. நாங்கள் அணைமேலேயே நின்றுவிட்டோம். 65 வயதுச் சுவர் அருகில் பார்க்கக் கம்பீரம்தான். மழை வடிந்த கறைகள், சில இணைப்புகளில் சுண்ணாம்பு வெள்ளையாகக் கசிந்து உறைந்த கோடு. இப்படிப்பட்ட சுவருக்குள் ஆள் நடக்கும் சுரங்கப்பாதைகள் வைத்து, கசிவையும் அசைவையும் அளந்துகொண்டே இருப்பார்கள்.

புல்கட்டிச் சுவருக்கும் இதற்கும் முதுமை ஒன்றல்ல. ஹிர்ஷ்லர் கரையில் ஒரு பகுதி தளர்ந்தால் அந்த இடத்தை வெட்டி, புதுக்கட்டி அடுக்கி, மண் இட்டு இடித்துவிடலாம். தூம்பு கெட்டால் புது மரமோ இன்றைக்கு வேறு குழாயோ போடலாம். இப்படி உறுப்புறுப்பாக மாற்றியே அது முந்நூறு ஆண்டைத் தாண்டியது. 106 மீட்டர் கான்கிரீட்டில் ஒரு துண்டை எடுத்துவிட்டு இன்னொன்று வைக்க முடியாது. மண்கரை முதுமையடைவது கவனிப்பு நின்ற பிறகு. கான்கிரீட்டுக்குக் கவனித்தாலும் வயது ஏறும். மேற்பரப்பைச் செப்பனிடலாம், சாந்து ஏற்றலாம், மதகுகளை மாற்றலாம். ஆனால் உடம்பு அதே உடம்பு. ஆகவே 302ஐயும் 65ஐயும் ஒரே பத்தியில் எழுதி எது கிழம் என்று கேட்பது எனக்குச் சரியாகப் படவில்லை. மிச்சமிருக்கும் ஆயுளைக் கேட்டால் ஓடர்டைஷ் இளையதாகவும் இருக்கலாம்.

“அப்போ நூறு வருஷம் கழிச்சு இதை இடிச்சிருவாங்களா மாமா?” என்றான்.

இடிப்பது பெரிய வேலை, கட்டுவதைவிடச் சிக்கல். ஹாலேக்குத் தண்ணீர் யார் கொடுப்பது? அதற்குள் இதன் முன்னால் இன்னொரு சுவரோ பின்னால் இன்னொரு தாங்கலோ வரலாம். எதுவானாலும் நாற்பது வருஷத்துக்கு முன்னாலேயே யோசிக்கத் தொடங்க வேண்டும். அதாவது உன் காலத்தில், என்றேன். பையன் கொஞ்சநேரம் கைப்பிடியில் சாய்ந்து கீழே பார்த்துக்கொண்டிருந்தான்.

கீழே வெண்டெஃபூர்ட் தேக்கத்துக்கு இறங்கினோம். 1960களில் கட்டியது. மலைமேல் இன்னொரு தொட்டி. மின்சாரம் மிஞ்சும்போது தண்ணீரை மேலே ஏற்றி, தேவைப்படும்போது கீழே விட்டு மின்சாரம் எடுக்கும் நிலையம். இதே ஹார்ட்ஸில் 1680களில் தத்துவமேதை லைப்னிட்ஸ் வந்து காற்றாலைகளை அமைத்து, சக்கரத்தில் விழுந்து கீழே வந்த தண்ணீரைக் காற்றின் பலத்தால் மறுபடி மேலேற்றலாம் என்று கிளவுஸ்தாலில் முயன்றார். காற்று போதவில்லை, இயந்திரம் ஒத்துழைக்கவில்லை, சுரங்கக்காரர்கள் நம்பவில்லை. 1685இல் கைவிட நேர்ந்தது.

கட்டத்தில் வெண்டெஃபூர்ட்டுக்கு எதிரே 1960கள் என்று எழுதினேன். யோசனை பிறந்த ஆண்டுக்கு இன்னொரு பத்தி வேண்டும் என்று பையன் அடம்பிடித்தான். கோடு போட்டுக் கொடுத்தேன். அவன் கையாலேயே எழுதினான்.